காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு சிட்டிகை ரவை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேட்டு மூக்குடைபட வேண்டாம் பாருங்கள்.

நாங்கள் மூட்டை இறக்குகிற இடத்தில் ஒரு நாள் மோட்டார் புகைந்து நின்றது. பார்க்க வந்த எலக்ட்ரீசியன், சட்டைப்பையில் சிவப்புப் பிடி போட்ட டெஸ்டரோடு வந்தான். அதன் நுனியாலேயே திருகாணிகளைக் கழற்றிக்கொண்டு தன் சகலையைப் பற்றி ஒரு கதை சொன்னான். சகலை என்றால் அவன் மனைவியின் தங்கச்சி புருஷன். அந்த மனுஷன் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கினாராம், வாங்கி அதற்குள்

(இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவனும் அதைக் கடைசியில்தான் சொன்னான். அதனால்தான் சிரிப்பு வந்தது.)

அவன் சொல்லி முடித்தபோது எல்லாரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்கு உள்ளே எரிந்தது. இதே ஆட்களிடம் நானும் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். ஒருத்தனாவது கிளாஸைக் கீழே வைத்தது கிடையாது. இவன் எங்கிருந்தோ வந்தான், வேலையையும் விடாமல் சொன்னான், அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

போகும்போது டெஸ்டரைத் துடைத்துப் பையில் செருகிக்கொண்டு சொன்னான்: "வீட்டுல இன்னிக்கு வரைக்கும் இதைச் சொல்லலைங்க. அவரு முகம் சுருங்கிடும்."

வீட்டில் சொல்லாததை எங்களிடம் சொன்னான். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கே அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதனால் சிரிப்பு வரைக்கும் அவனுடையது. மிச்சமெல்லாம் என்னுடையது.

2

எப்படித் தொடங்குவது?

"குறி தப்பாத மனிதன் ஒருவன் இருந்தான்." அடித்துவிட்டேன். அவன் குறி தப்பாதவனாக இருந்தால் கதை எதற்கு.

"மாவு மில்லில் எலித் தொல்லை அதிகமாக இருந்தது." இது புகார் மனு மாதிரி இருக்கிறது. ஆனால் உண்மை. இதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

"அத்தான் என்று அவள் கூப்பிட்டாள்." இது இருக்கட்டும். எரிச்சல் எங்கே தொடங்கியதோ கதையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அத்தான் என்று அவள் கூப்பிட்டாள். கூப்பிட்டது அக்கா புருஷனை, அதாவது நம் எலக்ட்ரீசியனை. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுப் பின்பக்கச் சுவரில் காலி டப்பாக்களை வரிசையாக வைத்து, புதுக் காற்றுத் துப்பாக்கியால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். டொக். டொக். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்து, "அத்தான், இன்னொண்ணு! அந்த ஓரத்துல இருக்கே, அது!" என்று கை தட்டினாள். தட்டின கையிலிருந்து மாவு வெள்ளைப் புகையாகக் கிளம்பியது.

அவள் புருஷன் பின்வாசல் படியில் உட்கார்ந்து அந்தப் புகையைப் பார்த்தான். அவன் பெயர் நமக்கு வேண்டாம். அவன் மூட்டை தூக்குகிற மாவு மில்லில் எல்லாரும் அவனைக் கொக்கி என்பார்கள். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி எப்போதும் அவன் இடுப்பில் இருக்கும். கை வைத்த மூட்டை நழுவியதில்லை. அவனை மனைவி கூப்பிடுவது "இந்தாங்க" என்று. இல்லாவிட்டால் "கேட்டீங்களா" என்று. அத்தான் என்ற சொல்லைக் கட்டின புருஷனுக்கும் சொல்லலாம்தானே? சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்தானே? அவன் யாரிடமும் இதைக் கேட்கவில்லை. கேட்கக் கூடிய விஷயமா.

அவனும் பதிலுக்கு ஒன்று செய்துகொண்டிருந்தான். எலக்ட்ரீசியன் அவனை வாய் நிறைய "சகலை" என்பான். இவன் திருப்பி எதுவுமே சொல்லிக் கூப்பிட மாட்டான். எதிரே போய் நிற்பான், கனைப்பான், "இல்ல, வந்து" என்று தொடங்குவான். இத்தனை வருஷமும் கனைப்பிலேயே உறவை ஓட்டிவிட்டான்.*

* இது நான் சேர்த்தது. எலக்ட்ரீசியன் இதைச் சொல்லவில்லை. கவனித்திருக்க மாட்டான். கூப்பிடப்படுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

3

எலக்ட்ரீசியனைக் கெட்டவனாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. எரிச்சலுக்கு ஒரு காரணம் இருந்தால் நல்லது.

"எலக்ட்ரீசியன் சாயங்காலம் ஆனால் குடித்துவிட்டு" இல்லை. டெஸ்டரைத் துடைத்து வைக்கிறவன் அப்படி இருக்க மாட்டான்.

"அவனுக்கு மச்சினி மேல் ஒரு கண்" சேச்சே. அவள் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து பார்க்கிறான். "ம்மா" போட்டுத்தான் பேசுவான்.

"அவன் பெருமைக்காரன்." எழுதினேன். எழுதிவிட்டு அவன் பேசுவதைக் கேட்டேன்.

"சகலை, நீங்க ஒண்ணு போட்டுப் பாருங்க. கண்ணு நல்லா இருக்கு உங்களுக்கு."

"இல்ல, வந்து... இருக்கட்டும்."

"சும்மா வாங்க. நான் அடிச்சா என்ன, நீங்க அடிச்சா என்ன."

பெருமையும் இல்லை. போங்கள். ஒருத்தனை வெறுக்கக்கூட வழியில்லாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. கொக்கியின் நிலைமை எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவன் போய்ச் சுட்டான். டப்பா அசையவில்லை. சுவருக்கு அப்பால் யாரோ "எவன்டா அது!" என்றார்கள். அவன் மனைவி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். அதுவும் சிரிப்புதானே.

4

இப்போது எலிக்கு வரலாம்.

மில் கிடங்கில் எலி. மாவுக்குப் பக்கத்தில் விஷம் வைக்கக் கூடாது. பூனையை விட்டுப் பார்த்தார்கள், அது மைதா மூட்டை மேல் குட்டி போட்டுக் குடும்பம் நடத்தியது. கடைசியில் மேலாளர் சொன்னார்: கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சொந்தமாகக் காற்றுத் துப்பாக்கி வேண்டும். எலி மேல் படலாம், மூட்டை மேல் படக் கூடாது. சுட்டுக் காட்டுகிறவனுக்கு அந்த வேலை.

அந்த வேலைக்கு ஒரு நாற்காலி உண்டு.

கொக்கியின் முதுகைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். படிக்க நன்றாக இல்லை, எடுத்துவிட்டேன். செருப்பு மாட்டக் குனிந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறான், அது போதும். இன்னும் கொஞ்ச காலம் மூட்டை தூக்கினால் அப்புறம் அவனைத்தான் தூக்க வேண்டும். நாற்காலி கிடைத்தால் பிழைத்தான்.

"அத்தான்கிட்ட கேளுங்க, குடுப்பாங்க," என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"எதுக்கா? துப்பாக்கிக்கு! அவங்ககிட்ட நல்லதா ஒண்ணு இருக்கும்போது..."

"எனக்கு ஒண்ணு வாங்கிக்கத் தெரியும்."

அப்படித்தான் அவன் கடைக்குப் போனான். மூன்று துப்பாக்கிகள் மேசை மேல் இருந்தன. ஒன்றின் கட்டையில் மான் செதுக்கி மெருகு போட்டிருந்தது. இன்னொன்றின் மேல் சின்னத் தொலைநோக்கி உட்கார்ந்திருந்தது. மூன்றாவது, ஒரு அலங்காரமும் இல்லாமல் கறுப்பாக, மழையில் நனைந்த காக்கா மாதிரி கிடந்தது. கொக்கியின் கை நேராக மானுக்குப் போனது. அத்தானுடையதில் மான் இல்லை.

கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "சுடறதுக்கா, சுவத்துல மாட்டறதுக்கா?"

"சுடத்தான்."

"அப்ப மானை விடுங்க. காசெல்லாம் மானுக்குத்தான் போகும்."

"இது? கண்ணாடி வச்சது?"

"இந்த விலைக்கு வர கண்ணாடி, நாலு தடவை சுட்டா ஆட ஆரம்பிச்சிடும். அப்புறம் நீங்க ஒரு பக்கம் பார்ப்பீங்க, குண்டு ஒரு பக்கம் போகும்." காக்காவை எடுத்துக் குழலை மடக்கி நிமிர்த்தினாள். "இங்க பிடிச்சு ஆட்டிப் பாருங்க. மடங்குற இடத்துல ஆட்டம் இருக்கா?"

இல்லை. மானில் இருந்தது. இலேசாக, விழப்போகிற பல் மாதிரி.

கடைக்குப் பின்னால் ஒரு நீளமான கொட்டகை. அட்டையில் தாள் ஒட்டிச் சுட்டுப் பார்க்கச் சொன்னாள். முதலில் தானே உட்கார்ந்து ஐந்து குண்டு போட்டாள். ஒன்றுகூட நடுவில் இல்லை. கொக்கிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

"நடுவுல படலையேம்மா."

"படலைதான். ஆனா எல்லாம் ஒரே இடத்துல விழுந்திருக்கு பாருங்க, கைக்குட்டைப் பொத்தல் மாதிரி. அதான் பார்க்கணும். நடுவுக்கு வர வைக்கறது சுலபம், பின்னாடி இந்தத் திருகாணியைக் கொஞ்சம் திருப்பினா வந்துடும். சிதறி விழுந்தா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அடுத்து அவன் சுட்டான். தாள் முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆனது.

"ஏன் இப்படி அதோட கழுத்தைப் பிடிக்கறீங்க? இது ஸ்பிரிங் துப்பாக்கி. சுடும்போது தானா ஒரு குதி குதிக்கும். குதிக்க விடணும். லேசா ஏந்திக்குங்க, யாரோ குடுத்து வச்சிருக்கச் சொன்ன மாதிரி."

"லேசாப் பிடிச்சா என் பொழப்புல எல்லாம் கால் மேல விழும்மா."

"இது விழாது."

காக்காவை வாங்கினான். அவன் சட்டைப்பைக்கு அதுதான் தாங்கும். ஒரு டப்பா குண்டும் வாங்கினான். (கடைக்காரம்மா அதைக் "குண்டு" என்றே சொன்னாள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

5

இனி எலக்ட்ரீசியன் எங்களைச் சிரிக்க வைத்த இடம். அவன் அளவுக்கு எனக்கு வராது. ஆனாலும்.

கொக்கி எழுத்துப் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. படிக்கிற வயது போன பிறகு மூட்டைகளில் படித்தான். தவிடு, கோதுமை. எல்லாவற்றுக்கும் முன்னால் ரவை. இரண்டே எழுத்து என்பதால் அவன் முதலில் தனியாக வாசித்த சொல் அதுதான். வாசித்த அன்றைக்கு அந்த மூட்டையை இறக்கி வைக்க மனசு வராமல் சுமந்துகொண்டே நின்றானாம்.*

* இதுவும் நான் சேர்த்தது. என்னுடைய மூட்டையில் தவிடு என்று இருந்தது. மூன்று எழுத்து. கொக்கி எனக்கு முன்னால் படித்துவிட்டான்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தான். உள்ளே ஒரு தாள். அவன் விரல் வைத்து வாசித்தான்: "சுடுமுன் ரவை இடவும். ரவை இன்றிச் சுட்டால் துப்பாக்கி பழுதாகும்."

மறுபடி வாசித்தான். ரவை. அவனுக்கு இந்தச் சொல்லில் சந்தேகமே வராது. வேறு எந்தச் சொல்லிலாவது தடுமாறியிருப்பான், யாரையாவது கேட்டிருப்பான். இதில் எதைக் கேட்பது? குண்டு தனி, மருந்து தனி என்று அந்தக் காலத்துத் துப்பாக்கியைப் பற்றி எங்கேயோ கேட்டிருக்கிறான். இது காற்றுத் துப்பாக்கி, மருந்து கிடையாது. அப்போது குண்டைத் தள்ள ஏதாவது வேண்டும்தானே?

(சிரிக்காதீர்கள். சின்னத் துப்பாக்கிக் குண்டுக்கு ரவை என்று பெயர் வைத்தவனைக் கேளுங்கள்.)

"கேட்டியா. ரவை இருக்கா?"

"இருக்கு. எவ்வளவு?"

"ஒரு சிட்டிகை."

சமையலறையிலிருந்து சத்தம் வந்தது: "வறுத்ததா, வறுக்காததா?"

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். அதில் அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

"வறுக்காததையே குடு."

குண்டை வைத்து, அதன் பின்னால் ஒரு சிட்டிகை ரவையைப் போட்டு, குழலை நிமிர்த்திச் சுட்டான். குழல் நுனியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை. அவள் அன்றைக்குக் கை தட்டியபோது வந்த அதே புகை. அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. குண்டு எங்கே போனது என்றே பார்க்கவில்லை.

சாயங்காலம் முழுக்க அப்படியே சுட்டான்.

6

குண்டு எங்கேயும் ஒழுங்காகப் போகவில்லை. குழலுக்குள் நரநரவென்று சத்தம். மனைவிதான் அக்கா வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். அத்தான் வந்துவிட்டான், தன் துப்பாக்கியையும் கையோடு எடுத்துக்கொண்டு. வந்தவன் முதலில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை ஒரு திருகு திருகி நிறுத்தினான். அந்தக் குழாய் கொக்கிக்கு ஒரு மாதமாக அடங்காதது.

கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தான். துணியோடு வெள்ளையாக எதுவோ வந்தது. விரலில் தேய்த்தான். மோந்தான். நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தான்.

(இங்கே அவனைச் சிரிக்க வைக்க எவ்வளவோ முயற்சி செய்தேன். "சிரித்தான்" என்று எழுதிவிட்டுக்கூடப் பார்த்தேன். அந்த மனுஷன் சிரிக்கவில்லை.)

கொக்கிக்கு அந்த முகத்தைப் பார்த்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. காது சுட்டது. அந்த நேரம் பார்த்து அவள் தண்ணீரோடு வந்தாள்.

"அத்தான், நீங்க எந்த ரவை போடுவீங்க? வறுத்ததா, வறுக்காததா?"

கொக்கி இருமினான். இருமல் போதவில்லை.

எலக்ட்ரீசியன் தண்ணீரை வாங்கிக் குடித்தான். நிதானமாகத் தம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் கடையில விக்கற ரவையைத்தாம்மா போடுறது."

"பார்த்தீங்களா!" என்று அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "கடையில வர்றது வறுக்காததுதான். நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க. அப்ப உள்ள என்ன அத்தான் அடைச்சுக்கிட்டிருக்கு?"

"மில்லுத் தூசி. ஒண்ணுமில்லம்மா."

"வாசல்லயே சட்டையை உதறுங்கன்னா கேட்டாத்தானே இந்த மனுஷன்."

அவள் போய்விட்டாள். எலக்ட்ரீசியன் எண்ணெய்த் துளி விட்டு, துடைத்து, காக்காவைத் திருப்பிக் கொடுத்தான். "நல்ல துப்பாக்கி சகலை. மடங்குற இடம் கெட்டியா இருக்கு. பார்த்துத்தான் எடுத்திருக்கீங்க. ஆனா தாளுல ரவைன்னு போட்டிருந்தா அது இந்தக் குண்டுதான். அவனுங்க எழுத்து அப்படி." துணியை மடித்துக்கொண்டே, "நாளைக்கு மில்லுல என்னோடதை வேணா வச்சுச் சுடுங்களேன். இங்கயே விட்டுட்டுப் போறேன்."

"இல்ல, வந்து..."

"சரி. இருக்கட்டும்."

ஒரு ஏச்சு ஏசியிருந்தால் கொக்கி தாங்கியிருப்பான். அத்தானோ இவன் முகத்தைக் காப்பாற்றிவிட்டான். காப்பாற்றப்பட்ட முகத்தை எங்கே கொண்டு வைப்பது? அன்றைக்குச் சாப்பிடும்போதும் அவள் சொன்னாள், "நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்கன்னு அத்தானே சொல்லிட்டாங்க." அந்த நல்ல பெயரும் அத்தான் கொடுத்ததுதான்.

7

சுட்டுக் காட்ட வேண்டிய நாள். லாரி ஒன்று காலையிலேயே வந்துவிட்டதால் அதையும் இறக்கச் சொல்லிவிட்டார்கள். கொக்கி இறக்கினான். முடித்தபோது விரல்கள் மடங்கவில்லை, கை மரத்துப்போய் அடுத்தவன் கை மாதிரித் தொங்கியது.

மில்லில் ஒரு மோட்டார் அன்றைக்கு நின்றிருந்தது. யார் வந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிடங்கின் மறுகோடியில், உயரமான ஏணி மேல், சட்டைப்பையில் சிவப்பு டெஸ்டரோடு. கீழே இருந்து மேலாளர் "பார்த்து சார், பார்த்து" என்றார். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி, "ஏய் கொக்கி! வா, வா, எனக்கு நேரமில்லை," என்றார். சாரும் ஏயும் ஒரே வாயிலிருந்து வந்தன.

பழைய பலகையில் தாள். நடுவில் வட்டம். பக்கத்திலேயே மூட்டை அடுக்கு.

"அஞ்சு குண்டு. மூட்டையில பட்டா அப்படியே போயிடு."

கொக்கி காக்காவைத் தூக்கினான். இறுக்கப் பார்த்தான். விரல் கேட்கவில்லை. மரத்த கை அதை ஏந்திக்கொண்டு நின்றது, யாரோ கொடுத்து வைத்திருக்கச் சொன்ன மாதிரி. சுட்டான். துப்பாக்கி ஒரு குதி குதித்தது. தடுக்க அவனிடம் பலமில்லை. மறுபடி. மறுபடி. மறுபடி.

மேலாளர் தாளைப் பார்த்தார். "என்னடா இது? நாலுல ஒண்ணுகூட நடுவுல இல்லை. எல்லாம் இடது பக்கம் ஓரமாப் போய் விழுந்திருக்கு."

கொக்கியும் பார்த்தான். நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே பொத்தலாக இருந்தன. கைக்குட்டைப் பொத்தல். அவனுக்குத் தெரியும். அந்தக் கிடங்கில் இன்னொருத்தனைத் தவிர யாருக்கும் தெரியாது. பின்னாலிருக்கிற திருகாணியைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினால் ஐந்தாவது நடுவில் போய் உட்காரும். நாற்காலியும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

திருப்புவதற்குத்தான் ஒன்று வேண்டும்.

அவன் ஏணியைப் பார்த்தான்.

8

முடிவு என்று மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் கொக்கி இடுப்பிலிருந்த இரும்புக் கொக்கியின் நுனியால் திருகாணியைத் திருப்புகிறான். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, பாருங்கள். ஆனால் நுனி வழுக்கித் திருகாணியின் வாய் மழுங்கிவிடுகிறது. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் வழுக்கியது. அந்தக் கொக்கி அதற்குச் செய்ததில்லை.

இன்னொன்றில் வட்டத்துக்கு வலது பக்கம் உத்தேசமாகக் குறி வைத்துச் சுடுகிறான். வலது பக்கம்தான் மூட்டை அடுக்கு. மேற்கொண்டு என்ன நடக்கிறது என்று எழுதி வைத்தேன், உங்களிடம் காட்டப்போவதில்லை. எந்த மூட்டை ஒழுகியது, அதில் என்ன எழுதியிருந்தது என்று நீங்களே ஊகிப்பீர்கள்.

மூன்றாவதில் எலக்ட்ரீசியன் தானாகவே இறங்கி வந்து டெஸ்டரை நீட்டுகிறான். நல்ல முடிவுதான். அவன் அப்படிச் செய்யக்கூடியவன்தான். அதனாலேயே கிழித்துவிட்டேன். எல்லாவற்றையும் அவனே செய்துகொண்டிருந்தால் நான் எதற்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன்?

அதனால் அவன் திரும்பவில்லை. ஏணி மேல் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்க்கிறான். அவனுக்கு எதுவும் தெரியாது. ஒரு மோட்டார்தான் நின்றிருக்கிறது, மற்றவையெல்லாம் ஓடுகின்றன, காது கிழிகிறது. இந்தச் சத்தத்தில் கனைத்தால் கேட்காது. "இல்ல, வந்து" பக்கத்தில் இருக்கிறவனுக்கே கேட்காது. ஒரு சொல் வேண்டும். கூப்பிட்டதும் அவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சொல். அதைக் கொக்கி இன்று வரைக்கும் வாயில் வைத்ததில்லை. முதல் தடவையாக வைப்பதென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும், மேலாளர் கேட்க, கூட மூட்டை தூக்குகிற எல்லாரும் கேட்க.

"என்ன, சுடுறியா, இல்லையா?" என்கிறார் மேலாளர்.

கொக்கி மூச்சை இழுத்துக்கொண்டுவிட்டான். வாயும் திறந்திருக்கிறது. நான்தான் அவன் வாயை இத்தனை பக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். என் பிடி அவன் பிடியைவிட மோசம்.

இந்தாருங்கள், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்க வேண்டாம். ஏணிக்காரன் இன்னும் திரும்பவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?

இன்னும் சத்தமாக. மில் ஓடுகிறது.